பழைய படகும் புதிய பலகையும்

சென்ற மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வழியனுப்பு உபசாரம் நடந்தது. முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் போதித்த உபாத்தியாயர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், அவருடைய குணாதிசயங்களை, அவருக்கே அவை புதிய செய்தியாக இருக்கும்படி, ஐந்து பேர் எடுத்துரைத்தார்கள். கடைசியில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். மணியடிப்பதற்குள் வந்து சேர வேண்டுமே என்று அவர் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்த காலத்திலெல்லாம் அவருக்கு ஒரு கடிகாரம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இனி மணி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஆன அன்றைக்குத்தான் தோன்றியது! இந்த வழக்கத்தை ஏற்படுத்திய புண்ணியவான் யார் என்று தெரிந்தால் தேவலை.

உபசாரம் முடிந்து, கடிகாரப் பெட்டியை நான் தூக்கிக்கொள்ள, இருவருமாக வீடு திரும்பினோம். "இனிமேல் என்ன செய்வதாக உத்தேசம், ஸார்?" என்று கேட்டேன்.

"என்ன செய்வது? வீட்டுக்குக் கொஞ்சம் மராமத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் திண்ணை இருக்கவே இருக்கிறது" என்றார்.

திண்ணை என்ற வார்த்தையை அவர் சொன்ன மாதிரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, வழி நெடுக, வேலை போன ஒரு கப்பல் காப்டனுடைய கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்று சொன்னதையும் அன்று விட்டுப்போனதையும் சேர்த்து நேயர்களுக்கு இங்கே தருகிறேன்.

அந்தக் காப்டனின் பெயர் ஜோஷுவா ஸ்லோக்கம். 1844-ல் கனடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, இளம் வயதிலேயே கடலுக்கு ஓடிப்போய், பின்னர் அமெரிக்கப் பிரஜையாகி, பெரிய பாய்க்கப்பல்களுக்குத் தலைவராக உயர்ந்தவர். 1887-ஆம் வருஷக் கடைசியில் பிரேஸில் கரையோரத்தில் அவருடைய சொந்தக் கப்பல் மணல் திட்டில் ஏறிச் சிதைந்து போயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உடனிருக்க, அந்நிய மண்ணில் நின்றார். யாரிடமும் கை நீட்டவில்லை. அங்கேயே ஒரு படகைக் கட்டி, அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார். பிரேஸிலில் அடிமைகளுக்கு விடுதலை அளித்த 1888, மே 13-ஆம் தேதியன்றே அந்தப் படகு நீரில் இறங்கியது. ஆகவே அதற்கு 'விடுதலை' என்று பொருள்படும் போர்ச்சுகீசியப் பெயரையே வைத்தார். அந்தப் பெயருக்காகவே அவரிடத்தில் எனக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

ஊர் வந்து பார்த்தால் காலம் மாறிவிட்டது. நீராவிக் கப்பல்கள் கடலை ஆளத் தொடங்கிவிட்டன. பாய்க்கப்பல் காப்டன்களை வேண்டுவார் இல்லை. நமக்காவது ஐம்பத்தெட்டு, அறுபது என்று ஒரு வயதைக் குறித்து, மாலையும் போட்டு அனுப்புகிறார்கள். அவருக்கு வயது நாற்பத்தெட்டுதான் ஆகியிருந்தது. காலமே பார்த்து 'நீ போகலாம்' என்று சொல்லிவிட்டது.

1892-ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஒரு நாள், திமிங்கில வேட்டைக் கப்பல்களில் காப்டனாயிருந்த பழைய நண்பர் ஒருவர் பாஸ்டன் நகரில் அவரைச் சந்தித்தார். ஃபேர்ஹேவன் என்னும் ஊரில் தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்குமென்றும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாமென்றும் சொன்னார். ஸ்லோக்கம் மறுநாளே போனார். போய்ப் பார்த்தால், தண்ணீருக்கு வெகு தூரத்தில், புல்வெளி ஒன்றின் நடுவே, முட்டுக்கொடுத்து நிறுத்தி, கித்தான் போர்த்தி வைத்திருந்தது ஒரு புராதனப் படகு! 'ஸ்ப்ரே' என்று பெயர். எந்தக் காலத்தில் யார் கட்டியது என்று ஊரில் நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் இல்லை. நண்பர் செய்தது ஒரு வேடிக்கை. 'கொஞ்சம் பழுது' என்றால் நம் ஊரில் வீட்டுத் தரகர் சொல்வாரே, அந்த அர்த்தம்.

ஊர் ஜனங்கள் கூடிவிட்டார்கள். படகை உடைத்து விறகாக்க ஆள் வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். இல்லை, திருப்பிக் கட்டப்போகிறேன் என்றதும் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி எழுந்தது: கட்டுப்படியாகுமா? ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது. வயதான பிறகு ஒரு மனிதன் புதிதாக எதைத் தொடங்கினாலும், சங்கீதம் கற்கப் புறப்பட்டாலும், சம்ஸ்கிருதம் படிக்க உட்கார்ந்தாலும், சுற்றி நிற்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். உலகம் முழுவதும் அக்கம்பக்கத்தார் ஒரே பாஷைதான் பேசுகிறார்கள்.

இனி வேலையைக் கவனிப்போம். மரக் கப்பலுக்கு முதுகெலும்பாக அடியில் ஓடும் மரத்தை நம் கடற்கரைத் தச்சர்களான ஓடாவிகள் 'ஏரா' என்பார்கள். பக்கத்திலிருந்த ஓக் மரம் ஒன்றை ஸ்லோக்கம் கோடரியால் தாமே வெட்டி வீழ்த்தினார். அதுவே புதிய ஏரா ஆயிற்று. விலாவெலும்பு போன்ற வளைமரங்களுக்கு இளம் ஓக் மரங்களைச் செதுக்கி, ஒரு நீண்ட பெட்டிக்குள் வைத்து ஆவியூட்டினார். கொழுக்கட்டை வேகிற மாதிரி வெந்து துவண்டதும், எடுத்து ஒரு கட்டையின் மேல் வளைத்துக் கட்டிப் போட்டார். ஆறியபின் அந்த வளைவு நிலைத்துவிடும். பக்கப் பலகைகளுக்கு ஒன்றரை அங்குல கனமுள்ள ஜார்ஜியாப் பைன். மேல்தளத்துக்கு வெள்ளைப் பைன். பாய்மரத்துக்கு நியூ ஹாம்ப்ஷயரில் வளர்ந்த ஸ்ப்ரூஸ் மரம். படகின் முகப்பு மரத்துக்கு மாத்திரம் உறுதியான ஓக் மரத்தின் அடித்துண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பிற்காலத்தில் கீலிங் தீவுகளின் அருகே ஒரு பவளப்பாறைத் திட்டின் மேல் மோதியபோது பிளந்தது பாறைதான், மரத்துக்கு ஒன்றும் நேரவில்லை.

பழைய படகின் ஒரு துண்டைக் கழற்றுவார். அதன் அளவில் புதியது செய்து அதே இடத்தில் பொருத்துவார். பிறகு அடுத்த துண்டு. இப்படியே போய், எந்த இடத்தில் பழையது முடிந்து புதியது தொடங்கியது என்று அவருக்கே சொல்லத் தெரியாமற் போயிற்று. அப்படியானால் இது பழைய 'ஸ்ப்ரே'யா, வேறொரு படகா? ஒரு கப்பலைத் துண்டு துண்டாகப் புதுப்பித்து முழுவதுமே புதிதாகிவிட்டாலும் அது பழைய கப்பல்தான் என்பது கப்பல் இன்ஷூரன்ஸ்காரர்களின் விதியாம். அதைக்கொண்டு தம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டார். நமக்கு இது புதிய விஷயமல்ல. இற்றுப்போன ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதி, அதுவும் இற்றபின் இன்னொன்றில் எழுதி, அப்படித்தானே சங்க நூல்கள் நம் கைக்கு வந்து சேர்ந்தன? ஓலை மாறியது; நூல் அதேதான்.

பலகைகளைச் சேர்த்த பிறகு இடுக்குகளை அடைப்பது பெரிய காரியம். இதை நம் பக்கத்தில் கலப்பத்து என்பார்கள். ஸ்லோக்கம் பஞ்சுத் திரியை உளியால் இடுக்குகளில் அடித்து இறக்கினார். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர், கடலில் போனதும் பஞ்சு மெல்ல ஊர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். அவர் பஞ்சின் மேல் தாரூட்டிய சணல் நாரையும் ஓர் இழை வைத்து அடித்தார். முதலிலிருந்தே அவருடைய உத்தேசம் அதுதான். உலகம் சுற்றி முடியும்வரை பஞ்சு ஊரவில்லை.

அவர் செய்த மாறுதல்களில் முக்கியமானது ஒன்று உண்டு. பழைய படகு கரையோரத்துக்கு ஏற்றது, உயரம் குறைவு. நடுவில் ஓரடியும், முன்புறம் ஒன்றரை அடியும், பின்புறம் பதினாலு அங்குலமும் பக்கங்களை உயர்த்தினார். ஆழ்கடலின் அலைக்கு அது வேண்டியிருந்தது. வேலை முடிந்தபோது படகின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். சாமான்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். காலம் பதின்மூன்று மாதம். அதற்கு மேலும் சில மாதங்கள் துறைமுகத்தில் கூலி வேலைக்குப் போனதில் கழிந்தன. கையிலிருந்த பணம் கரையும்போது வேலையை நிறுத்திவிட்டுக் கூலிக்குப் போவது, திரும்பி வந்து பலகை வாங்குவது, இப்படித்தான் நடந்தது.

படகு நீரில் இறங்கியது. அதில் ஒரு பருவம் கரையோரமாக மீன் பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியம் தமக்கு இல்லை என்பதே அந்தப் பருவத்தில் அவர் கண்டுபிடித்தது. வருமானம் கிடையாது. ஆனால் அந்தச் சில மாதங்கள் வீணாகவில்லை என்று நான் நினைக்கிறேன். படகு எந்தக் காற்றில் எப்படிச் சாயும், எந்தக் கயிறு எப்போது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் கரைக்கு அருகிலேயே தெரிந்துவிட்டது. புது மாட்டை வாங்கியவன் நேரே சந்தைக்கு வண்டி பூட்டமாட்டான்; இரண்டு நாள் வயல் வரப்பில் ஓட்டிப் பார்ப்பான்.

1895, ஏப்ரல் 24-ஆம் தேதி, ஐம்பத்தோராம் வயதில், தன்னந்தனியாக பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் கணக்கு நண்பர் இந்த இடத்தில்தான் நின்றார். "நீர் சொல்வது நன்றாயிருக்கிறது. ஆனால் நடுக்கடலில் தாம் இருக்கும் இடத்தை அவர் எப்படிக் கணித்தார்? அதற்கு நுட்பமான கடிகாரம் வேண்டுமே?" என்றார்.

வேண்டும்தான். தீர்க்கரேகையைக் கணிக்கக் கப்பல்களில் 'குரோனோமீட்டர்' என்னும் உயர்ந்த கடிகாரம் வைத்திருப்பார்கள். ஸ்லோக்கத்திடம் பழையது ஒன்று இருந்தது. அதைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்தப் பதினைந்து டாலர் ஆகும் என்றார்கள். பதினைந்து டாலர்! வேண்டாம் என்று அதை வீட்டிலேயே விட்டார். நோவா ஸ்கோஷியாவில் யார்மத் என்னும் ஊரில் ஒரு தகரக் கடிகாரம் வாங்கினார். விலை ஒன்றரை டாலர். முகப்பு நசுங்கியிருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்தது. உலகத்தைச் சுற்றிய படகின் கடிகாரம் அதுதான்.

நண்பர் சிரித்தார். பிறகு நான் சொன்னது அவருக்கு ஒரு டாலர் கடிகாரத்தைவிட அதிகமாக ருசித்தது. பசிபிக் சமுத்திரத்தில் ஸ்லோக்கம் சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள கோணத்தை அளந்து, அந்தப் பழைய முறையினால் தம் இடத்தைக் கணித்தார். விடை ஒத்துவரவில்லை. தம் கணக்கைச் சரிபார்த்தார், பிழை இல்லை. கடைசியில், அச்சிட்ட அட்டவணையிலேயே ஒரு தவறு இருப்பதைக் கண்டுபிடித்தார்! அதைத் திருத்திப் பார்த்ததும் விடை பொருந்தியது. "அட்டவணையில் பிழையா!" என்று நண்பர் நடுத்தெருவில் நின்று ஆனந்தப்பட்டதை நேயர்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பத்து நான்கு வருஷமாகப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட விடைகளோடு போராடியவர் அல்லவா?

பழைய படகைத் தயார் செய்கிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்லோக்கம் கருமி அல்ல. ஏராவிலும் முகப்பு மரத்திலும் அவர் ஒரு காசு மிச்சம் பிடிக்கவில்லை. எது உடைந்தால் தன் கை அறிவினால் ஈடு செய்ய முடியாதோ, அங்கே செலவிட்டார். எதை அறிவினால் ஈடு செய்யலாமோ, அங்கே மிச்சம் பிடித்தார். கரைக்குப் போகச் சிறு தோணி வேண்டியிருந்தது. முழுத் தோணியை ஏற்ற இடமில்லை. ஒரு தோணியைக் குறுக்கே அறுத்து, பாதியை எடுத்து, அறுத்த வாயைப் பலகையால் அடைத்துக்கொண்டார். அந்தப் பாதித் தோணியே துணி துவைக்கும் தொட்டி. அதுவே குளிக்கும் தொட்டி.

புறப்பட்ட பின்னும் படகு தயாராகிக்கொண்டேதான் இருந்தது. முதலில் அதற்கு ஒரே பாய்மரம். பாய் மிகவும் பெரிது. தனி மனிதனுக்கு, அதுவும் ஐம்பது கடந்தவனுக்கு, இந்தப் பாய் ஆகாது என்பதைத் தென் அமெரிக்கக் கரைக்கு வருவதற்குள் தெரிந்துகொண்டார். போனஸ் அயர்ஸ் நகரில் பாய்மரத்தை ஏழடி வெட்டினார். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மரத்தை ஐந்தடி வெட்டினார். பின்புறத்தில் ஒரு சிறு மரம் நட்டு, அதில் ஒரு சிறு பாய் கட்டினார். வேகம் சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் படகு தன் வழியைத் தானே பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தது. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள வியாழக்கிழமைத் தீவிலிருந்து நமது இந்து மகா சமுத்திரத்தின் கீலிங் தீவுகள் வரை 2,700 மைல். இருபத்து மூன்று நாள் ஓட்டத்தில் சுக்கானை அவர் கையால் பிடித்தது மூன்று மணி நேரந்தான். மற்ற நேரமெல்லாம் சுக்கானைக் கட்டிவிட்டுப் புத்தகம் படித்தார், சமைத்தார், தூங்கினார். 1898, ஜூன் 27-ஆம் தேதி நியூபோர்ட்டில் நங்கூரம் பாய்ச்சியபோது 46,000 மைல் கடந்திருந்தார். தனி ஒருவராக உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவரே. சில நாள் கழித்துப் படகை ஃபேர்ஹேவனுக்கே ஓட்டிப் போய், முதன்முதல் அதை நீரில் இறக்கியபோது கட்டிய அதே முளையில் மறுபடியும் கட்டினார்.

இது பழங்கதை என்று சொல்வீர்களானால், நமது தேசத்து மரம் சேர்ந்த கதை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் பக்கத்தில் ஆலெக் ரோஸ் என்ற காய்கறிக் கடைக்காரர் இருந்தார். யுத்தத்தில் கடற்படையில் பணி செய்தவர். அவர் வாங்கிய பழைய படகுக்கு 'லைவ்லி லேடி' என்று பெயர். அது 1948-ல் கல்கத்தாவில், அங்கே இருந்த ஓர் ஆங்கிலேயர் தம் சொந்த உபயோகத்துக்காக, உள்ளூர்த் தச்சர்களின் துணைகொண்டு கட்டியது. மரம் படாக், அந்தமான் காடுகளில் விளைவது, நம் வேங்கைக்கு நெருங்கிய உறவு. கனத்த மரம், ஆகையால் வேகத்தில் அந்தப் படகு பெயர் வாங்கியதில்லை. உறுதியில் வாங்கியது. அதைக் கொண்டு ரோஸ் 1964-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே தனியாக ஓட்டும் பந்தயத்தில் நாலாவதாக வந்தார். அதுதான் அவருக்கு வெள்ளோட்டம். 1966-ல் உலகப் பிரயாணம் புறப்பட்டார். முதலில் கடற்காலில் ஒரு மோதல். அதைப் பழுது பார்க்கக் கரையோரம் நிறுத்தியிருந்தபோது, நீர் வற்றி, படகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து விலாப்புறம் நொறுங்கியது. இன்னொருவராயிருந்தால் இதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு காய்கறிக் கடைக்கே திரும்பியிருப்பார். ரோஸ் ஒரு வருஷம் பொறுத்து, செப்பனிட்டு, 1967, ஜூலை 16-ல் புறப்பட்டார். வழியில் பாய்மர உச்சியிலிருந்த ஓர் இணைப்பு கெட்டு, நியூஸிலாந்தில் ப்ளஃப் துறைமுகத்தில் ஒதுங்க நேர்ந்தது. 1968, ஜூலை 4-ல் ஊர் திரும்பினார். அறுபது நிறைய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மறுநாளே 'ஸர்' பட்டம் வந்தது. ஸர் ஆலெக் ரோஸை உலகம் அறிந்தது. அந்தப் படாக் பலகைகளைக் கல்கத்தாவில் இழைத்துப் பூட்டிய கைகளுக்கு ஒரு தேங்காயும் பழமும்கூட யாரும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

இன்று மேல்நாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் வாங்குகிற பழைய படகு பெரும்பாலும் மரமல்ல. சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த படகுகள் ஆயிரக்கணக்கில் இறங்கின. அவற்றின் உடம்பு எளிதில் அழிவதில்லை. ஆகையால் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் பரீட்சை செய்கிறவர் ஒரு சிறு சுத்தியலால் படகை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே நீர் புகுந்து ஊறியிருக்கிறது. சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிமார் இந்தப் பரீட்சையில் பட்டம் பெற்றவர்கள்.

இந்தப் படகுகளில் கோளாறு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பி பளபளவென்றிருக்கும். அதன் முனையில் பூட்டிய குழலுக்குள்ளே உப்பு நீர் தங்கி அரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பத்துப் பதினைந்து வருஷத்துக்கொருமுறை, நன்றாகவே தோன்றினாலும், எல்லாக் கம்பிகளையும் மாற்றிவிடுகிறார்கள். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் கெடும். படகின் அடியில் நீர் போக வர வைத்திருக்கும் பித்தளைக் குழாய்களில், உப்பு நீர் பட்டுப் பட்டுத் துத்தநாகம் கரைந்து போய், மஞ்சள் நிறம் செந்நிறமாக மாறும். மாறிய உலோகம் பிஸ்கோத்து மாதிரி நொறுங்கும். ஒரு விரற்கடை அகலக் குழாய் உடைந்தால் போதும், பாயும் பாய்மரமும் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? விவரமறிந்தவர்கள் ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் அதற்கேற்ற மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இதற்கெல்லாம் பணம் செலவு செய்துவிட்டு வர்ணம் பூசாமல் புறப்படுகிறவனே புத்திசாலி. ஆனால் வந்து பார்க்கிற உறவினர் மெச்சுவது வர்ணத்தைத்தான்.

படகு ஒரு புறம் இருக்க, மனிதனுக்காகவும் சில ஏற்பாடுகள் வேண்டியிருக்கின்றன. இருபது வயதில் ஆடும் தளத்தில் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டலாம். அறுபத்திரண்டில் கயிறுகளையெல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவர வேண்டும். பிடித்து நடக்கக் கைப்பிடிகள், உடம்பைக் கட்டிக்கொள்ள முன்னும் பின்னும் ஓடும் பட்டை, நங்கூரத்தைத் தூக்க ராட்டினம், காற்றின் திசை பார்த்துச் சுக்கானைத் தானே திருப்பும் காற்றாடி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறிய பாய். இவற்றை அவமானமாக நினைக்கிறவர்கள் உண்டு. போனஸ் அயர்ஸில் ஏழடி மரத்தை வெட்டி எறிந்த காப்டன் அப்படி நினைக்கவில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, பெரிய சங்கடம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏற்பாட்டுக்கு முடிவே கிடையாது. ஒரு குழாயை மாற்றக் கழற்றினால், அதன் அடியில் இன்னொன்று கெட்டிருக்கும். இந்த வசந்தத்தில் புறப்படலாம் என்பார்கள். அது அடுத்த வசந்தமாகும். அந்நாட்டுப் படகுத் துறைகளில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகுகளில் பல, புறப்படாமலே தங்கள் எஜமானர்களை முந்தியோ பிந்தியோ முடிந்துபோகின்றன. படகுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு வருஷமும் எஜமானருடைய முழங்காலின் கணக்கிலிருந்து கழிகிறது. அவசரப்பட்டுப் புறப்பட்டாலோ, அந்தக் கம்பியும் அந்தக் குழாயும் காத்திருக்கின்றன. எங்கே நிறுத்துவது? மூழ்கடிக்கக் கூடியவற்றையும் பாய்மரத்தைச் சாய்க்கக் கூடியவற்றையும் முழுமையாகப் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு ஒரு பருவம் கரையோரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நான் படகோட்டி அல்ல. ஆனால் கலியாணம் செய்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் தயாரான பிறகு முகூர்த்தம் என்று வைத்தால் ஒரு பெண்ணுக்கும் தாலி ஏறாது.

ஸ்லோக்கத்தின் கதையிலும் கடைசிப் பக்கம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. பயணத்தைப் பற்றி 1900-ல் புத்தகம் வெளியிட்டார், நன்றாக விற்றது. ஒரு தீவில் பண்ணை வாங்கிக் குடியேறினார். பண்ணை அவரைப் பிடித்து வைக்கவில்லை. குளிர்காலம் வந்தால் 'ஸ்ப்ரே'யை அவிழ்த்துக்கொண்டு தெற்கே போய்விடுவார். அந்நாட்களில் படகைப் பார்த்த சிலர், கயிறுகள் நைந்தும் தளம் கவனிப்பாரற்றும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று மாதம் ஒவ்வொரு பலகையாகத் தொட்டுத் தொட்டுப் பொருத்திய கை எப்போது தளர்ந்ததென்று யார் சொல்ல முடியும்? அறுபது வயதுக்குமேல் ஒரு தரம் அப்படிப் புறப்பட்டவர் திரும்பவேயில்லை. படகின் ஒரு பலகையும் கிடைக்கவில்லை. 1909, நவம்பர் 14-ஆம் தேதியன்று இறந்தவராகக் கொள்ள வேண்டுமென்று 1924-ல் சட்டப்படி அறிவித்தார்கள்.

நண்பருடைய வீடு வந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தார். உபசாரக் கடிகாரத்தின் முகத்தை மேல்துண்டால் துடைத்துக்கொண்டே, "அந்த ஒரு டாலர் கடிகாரம் கடைசிவரை ஓடிற்றா?" என்று கேட்டார்.

இந்து மகா சமுத்திரத்துக்கு வருவதற்குள் அதன் நிமிஷ முள் விழுந்துவிட்டது. ஓட்டமும் நின்றுவிட்டது. ஸ்லோக்கம் அதை அடுப்பில் ஏற்றி, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். மறுபடியும் ஓட ஆரம்பித்து, மணியை மட்டும் காட்டிக்கொண்டு வந்தது. நீண்ட பிரயாணத்துக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டார்.

நண்பர் வெகு நேரம் யோசித்தார். அப்புறம், "கொதிக்க வைத்த பிறகு நாளொன்றுக்கு எத்தனை நிமிஷம் வேகமாக ஓடிற்று, எத்தனை நிமிஷம் மெதுவாக ஓடிற்று, அதை எழுதியிருக்கிறாரா?" என்றார்.